ஓட்டுக்கு ஒரு திரை

கொல்லிமலையில் உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "யாரு வந்தா என்ன சார்." செம்மேட்டு டீக்கடையிலும் இதுதான், சந்தையில் மிளகு மூட்டையோடு நிற்பவரிடமும் இதுதான். கீழேயிருந்து வருகிற படித்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு, மலைமக்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அக்கறையின்மை என்று நாம் சொல்வதில் பாதி, பயம் போட்டுக்கொண்ட சட்டை. சரித்திரத்தில் இதற்கு நிறைய சாட்சி உண்டு.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். குடிமைப் பாடத்தில் "இசொலுவார்" என்று ஒரு சொல் வரும். வாக்குச் சாவடியில் ஒருவர் மட்டும் நின்று சீட்டை உறையில் போடுவதற்கான திரை மறைப்பு அது. பிரான்சில் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது 1848இல். திரையும் உறையும் சட்டமானது 1913இல். நடுவே 65 வருடம்! அதுவரை வேட்பாளரே சீட்டை அச்சடித்துக் கொடுப்பார். வாக்காளர் அதை மடித்துச் சாவடித் தலைவர் கையில் தருவார், அவர் பெட்டியில் போடுவார். காகிதத்தின் கனத்தையும் நிறத்தையும் வைத்தே யாருடைய சீட்டு என்று தெரிந்துவிடும். பண்ணையாரும் ஆலை முதலாளியும் வாசலிலேயே நிற்பார்கள். திரை வேண்டும் என்றபோது எழுந்த எதிர்ப்புகளில் ஒன்று வேடிக்கையானது: குடிமகன் ஒளிந்துகொண்டு ஓட்டுப் போடுவது கௌரவக் குறைவாம்! சொன்னவர்கள் யாரும் கூலிக்காரர்கள் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா 1856இலும், பிரிட்டன் 1872இலும் ரகசிய வாக்குக்கு மாறிவிட்டன.

அந்தப் பழைய முறைதான் கப்பலேறிப் புதுச்சேரிக்கும் வந்தது. 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பியது. 1880இல் நகராட்சிகள் வந்தன. மேயரை எங்கள் பக்கத்தில் "மேர்" என்போம், அலுவலகம் "மேரி". காகிதத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் இந்தியாவைவிட எத்தனையோ முன்னேற்றம். நடப்பில், ஊர்ப் பெருந்தலைகள் யாரைக் கைகாட்டுகிறார்களோ அவர்தான். 1914இல் பால் ரிஷார் அங்கே நின்று தோற்றார். ஜெயித்தவர் பால் புளூய்சென். அந்தத் தேர்தலில் ரிஷாருக்கு விழுந்த வாக்குகள் எப்படி மறைந்தன என்று அரவிந்தர் மோத்திலால் ராய்க்குக் கடிதமே எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட ஊரில் ஓட்டுப் போடப் போகாமல் வீட்டில் இருந்தவனை அக்கறையில்லாதவன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

விடுதலைக்குப் பின்னும் புதுச்சேரி உள்ளாட்சிக்குப் பெரிய யோகம் இல்லை. 1968இல் ஒரு தேர்தல், அடுத்தது 2006இல். 38 வருடம் வாய்ப்பே தராமல் வைத்துவிட்டு, மக்களுக்கு ஆர்வம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? தமிழ்நாட்டிலும் 1986க்குப் பிறகு 1996இல்தான் ஊராட்சித் தேர்தல் நடந்தது. சென்னை மாநகராட்சி 1973இல் கலைக்கப்பட்டு 23 ஆண்டுகள் மன்றமில்லாமல் இருந்தது. 2022 தேர்தலில் சென்னையில் சுமார் 44 சதவீதம்தான் வாக்குப் பதிவு. அது நகரத்து அலட்சியம், அதைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு.

கிராமத்துக் கதை வேறு. அங்கே ஓட்டுப் பதிவு குறையாது, குறைவது வேட்புமனு. 1996இல் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலையும் மீறி நின்று ஜெயித்த முருகேசனும் உடனிருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்து வருடம் மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. வந்தாலும், ஜெயித்த கையோடு ராஜினாமா செய்துவிடுவார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். ஆவணங்களை மட்டும் பார்க்கும் குமாஸ்தாவுக்கு அந்தப் பத்து வருடமும் "மனு ஏதும் வரப்பெறவில்லை" என்ற ஒரே வரிதான்.

கொல்லிமலையில் அந்த மாதிரி ரத்தக்கறை கிடையாது. இங்கே விஷயம் கணக்கில் இருக்கிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள், 14 ஊராட்சிகள். மலை முழுவதும் சேர்த்தே சுமார் 40 ஆயிரம் பேர். ஊராட்சிக்குச் சராசரி மூவாயிரம். அதையும் வார்டுகளாகப் பிரித்தால் ஒரு வார்டில் சில நூறு வாக்காளர்கள். அதில் பாதி மாமன் மச்சான், மீதி பங்காளி. வெள்ளைச் சீட்டு வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு தலைவருக்கு, பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கு. திரை இருக்கிறது, மடிப்பு இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் வார்டு ஓட்டை வார்டு வாரியாகத்தானே எண்ணியாக வேண்டும்? எண்ணி முடித்ததும் எந்த வீட்டு ஓட்டு எங்கே போனது என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள். தவறாகவும் சொல்வார்கள், அது இன்னும் மோசம்.

பெரிய தேர்தல்களில் இதற்கு ஒரு மருந்து இருந்தது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணினார்கள். மின்னணு இயந்திரம் வந்தபின் சாவடிவாரிக் கணக்கு வெளியே தெரிய ஆரம்பித்தது. பல இயந்திரங்களின் வாக்குகளைக் கூட்டி மொத்தமாகக் காட்டும் "டோட்டலைசர்" கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது, சட்ட ஆணையம் 2015இல் வழிமொழிந்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் சில நூறு பேர் வார்டுக்கு அது உதவாதுதான்.

இவ்வளவும் ஓட்டைப் பற்றி. பேச்சுக்கு இந்த அரைகுறைத் திரையும் கிடையாது. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோது, சாதாரண மனிதர் எழுந்து கேட்க மிஞ்சியது அந்த இடம்தான். ஆனால் கணக்கைக் கேட்பவர் நாளைக்கு நூறு நாள் வேலைக்கும் வீட்டுத் திட்டத்துக்கும் அதே மேசைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

சென்ற முறை கூடிய சபையில் ஒரு பெண்மணி எழுந்து, குழாய் போட்டு எத்தனை மாதமாகத் தண்ணீர் வரவில்லை என்று கேட்டார். நல்ல கேள்வி, குறித்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு, எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்று என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "நோட்டுல என் பேரையும் எழுதிட்டாங்களா சார்?"