நஹானி: ஒரு அருவியும் அதன் இரண்டு பெயர்களும்

கனடாவில சொந்தக்காரர் இருக்கிற எந்த வீட்டு அல்பத்தைத் திறந்தாலும் ஒரு நயாகராப் படம் இருக்கும். மழை அங்கியோட ஆக்கள், பின்னால வெள்ளைப் புகை மாதிரித் தண்ணீர். அதே நாட்டின் வடமேற்குப் பிரதேசத்தில் ஒரு ஆறு 96 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. நயாகராவைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதுக்கு முன்னால நிண்டு எடுத்த படம் எதையும் நான் இதுவரைக்கும் காணேல்ல. காரணம் சிம்பிள்: அங்க போக றோட்டு இல்லை.

போட் சிம்சன் என்ற சின்ன ஊரிலிருந்து, தண்ணீரில் இறங்கக்கூடிய சிறிய விமானத்தில்தான் போகவேணும். அருவிக்கு மேற்புறம், ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்க இடம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் இரவு சரியாக இருட்டாது. நுளம்புக்குக் குறைவில்லை. கரடி மணம் பிடிக்காதபடி சாப்பாட்டை இறுக்கமான பெட்டிகளில் பூட்டி வைக்கவேணும். மலை ஏற விருப்பமெண்டா, ஆற்றைத் தோணியில் கடந்து சன்பிளட் மலைக்குப் போகலாம். ஒரு முழு நாள் வேலை. தோணியில் ஆற்றோடு கீழே போறவர்கள் அருவியடியில் தோணியையும் மூட்டையையும் சுமந்துகொண்டு காட்டுப் பாதையால் இறங்குவார்கள்.

இந்த அருவியின் பெயர் வேர்ஜினியா. 1928இல் இங்கே வந்த ஃபென்லி ஹன்டர் என்ற அமெரிக்கர் தன் மகளின் பெயரை வைத்தார். அந்தப் பிள்ளைக்கும் இந்தத் தண்ணீருக்கும் வேறு ஒரு தொடர்பும் இல்லை. அவருக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே இங்கு வாழும் டெனே மக்கள் இதை நாஇலிச்சோ என்பார்கள். பெரிதாக விழும் தண்ணீர் என்று பொருள். ஒரு பெயர் இடத்தைச் சொல்லுது, மற்றது வந்துபோன ஆளைச் சொல்லுது. வரைபடத்தில் எது ஏறியது எண்டு சொல்லத் தேவையில்லைத்தானே.

டெனே மக்கள் மூஸ் மான்களின் தோலைத் தைத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பெரிய படகு செய்வார்கள். வசந்த கால வெள்ளத்தோடு அதில் குடும்பமாக இறங்கி வருவார்கள். போய்ச் சேர்ந்ததும் படகைப் பிரித்துவிடுவார்கள். தோல் வேறு வேலைக்கு உதவும். எனக்கு இந்த வரலாற்றில் ஆகப் பிடித்த பொருள் அந்தப் படகுதான்.

ஆனால் வெளியுலகம் கேட்க விரும்பியது தங்கக் கதையை. மக்லியொட் சகோதரர்கள் இருவர் தங்கம் தேடிப் போய்த் திரும்பவில்லை. 1908இல் எலும்புகள்தான் கிடைத்தன, தலைகள் இல்லாமல். அந்த இடம் 'இறந்தவர்களின் பள்ளத்தாக்கு' ஆனது. பத்திரிகைகளுக்கு அது போதும். சாபம், பேய், மறைந்த தங்கம் என்று பல வருடம் ஓடியது. ஆல்பேர்ட் ஃபெய்ல் என்பவர் 1920களில் வந்து, கிழவனாகும் வரை அந்தத் தங்கத்தைத் தேடினார். 1962இல் கனடாவின் தேசிய திரைப்படச் சபை அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தது. பலகைகளை முதுகில் சுமந்து அருவிக்கு மேலே ஏறும் அந்த வயசாளியைப் பார்த்தால், தங்கம் ஒரு சாட்டுத்தான் எண்டு படும்.

உண்மையான ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. அருவியில் நீர்மின் அணை கட்டும் யோசனை இருந்தது. 1970இல் பிரதமர் பியர் ட்ரூடோ இந்த ஆற்றில் பயணம் செய்தார். 1972இல் நிலம் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. 1976இல் சட்டப்படி உறுதியானது. 1978இல் யுனெஸ்கோ தன் முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த 12 இடங்களில் நஹானியும் ஒன்று.

இதில் ட்ரூடோவை மட்டும் வீரனாக்கி எழுதுவது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது பூங்காவின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'றிசேர்வ்' என்ற சொல். பழங்குடி மக்களின் காணி உரிமை இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதற்கான சட்டச் சொல் அது. டெனே மக்கள் இங்கே வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம். பூங்கா எண்டு பலகை நட்டவுடன் இருந்த சனம் அத்துமீறினவர்களாக மாறுற கதை உலகத்தில் நிறைய உண்டு. இங்கே ஒரு சொல்லாவது அதற்குக் குறுக்கே நிற்கிறது.

2009இல், டெக்சோ டெனே மக்களும் சேர்ந்து உழைத்ததால், பூங்கா ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீற்றரிலிருந்து 30,000க்கு விரிந்தது. அது இலங்கையின் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் உள்ளே ஒரு ஓட்டை விடப்பட்டது: பிரெயிரி கிரீக் சுரங்கம். நாகமும் ஈயமும் வெள்ளியும் உள்ள இடம். வெள்ளி விலை உச்சத்தில் இருந்தபோது கட்டத் தொடங்கி, முடியும் தறுவாயில் 1982இல் கம்பனி வங்குரோத்தாக, உற்பத்தி தொடங்காமலே நின்றது. சுற்றிவரப் பூங்கா, நடுவில் சுரங்க உரிமம். அதன் அருகால் ஓடும் ஓடை கீழே வந்து, அந்த இறந்தவர்களின் பள்ளத்தாக்கில் நஹானியோடு சேர்கிறது.