தாத்தாவின் புல்லட்

அடுத்த வீட்டுப் பெரியவரின் 1965-ம் வருஷத்துப் புல்லட் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. கோழிகள் அதன்மேல்தான் அடையும். எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் மகன். பேரன் கேட்கவில்லை. துருவேறி இறுகிய பிஸ்டன், ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறிய பிறகே அசைந்து கொடுத்தது.

உதிரிப் பாகங்களுக்குக் கவலையில்லை. விசித்திரமான வம்சம் அது! ராயல் என்ஃபீல்டின் இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி 1970-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 1955-ல் சென்னையில் பிறந்த பிள்ளையோ, திருவொற்றியூரில் அந்தப் பழைய புல்லட்டையே தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. 1977-ல் தாய்நாட்டுக்கே அதை ஏற்றுமதி செய்யவும் ஆரம்பித்தது.

எல்லாம் பூட்டியாயிற்று. உதைத்து உதைத்துப் பையனுக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம். திண்ணையிலிருந்து தாத்தா அதட்டினார்: "சாவியைப் போட்டு அம்மீட்டர் முள்ளைப் பாருடா! அது நடுவுக்கு வர்ற வரைக்கும் மெல்ல அமுக்கு. டிகம்ப்ரஷரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் இறக்கு. விட்டுட்டு, இப்போ உதை!"

கொட்டகை அதிர்ந்தது. கோழிகள் கூரைக்குப் பறந்தன.