இல்லடு கள்ளும் உரிமப் பியரும்: பொம்மனஹள்ளியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பெங்களூரின் தென்கிழக்கில் ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்த பொம்மனஹள்ளி, தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் பகுதியாகும். தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2007ஆம் ஆண்டில் பெங்களூர்ப் பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இங்குள்ள ஓர் அடுக்ககத்துச் சமையலறையில் ஒருவர் கோதுமை மால்ட்டை ஊறவைத்து, இருபது லிட்டர் பியரைத் தம் வீட்டாரின் பயன்பாட்டிற்கென வடிக்க முற்படின், உரிமம் இல்லாத நிலையில் அச்செயல் கர்நாடகக் கலால் சட்டத்தின்படி குற்றமாகும். அதே நகரின் உணவகங்களில் உரிமம் பெற்று அதே கோதுமை பியர் வடிக்கப்படுகிறது. வாடிக்கையாளர் காணும் வகையில் வடிகலங்களும் நிறுத்தப்பட்டுள்ளன.

பொருள் ஒன்று; செய்முறையும் ஒன்று; செய்யப்படும் இடமே வேறு. தானிய மது வடிப்பதற்கு உரிய இடம் வீடா, கடையா, அரசின் கண்காணிப்புக்கு உட்பட்ட ஆலையா என்னும் வினா தமிழ் மரபில் எங்ஙனம் அமைந்திருந்தது, பின்னர் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாணன் கண்ட செய்முறை

தானிய மது ஆக்கும் முறையைப் படிப்படியாக விளக்கும் பழந்தமிழ்ச் சான்று பெரும்பாணாற்றுப்படையில் கிடைக்கிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது இப்பாட்டு. காஞ்சியை நோக்கிச் செல்லும் பாணனுக்கு வழியில் எந்நிலத்தார் எவ்வுணவு அளிப்பர் எனக் கூறிவரும் புலவர், வலைஞர் குடியிருப்பில் சுட்ட மீனுடன் கிடைக்கும் மதுவைக் குறிப்பிடுகிறார். அம்மது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதையும் விரித்துரைக்கிறார்.

அப்பகுதியின் பொருள் வருமாறு: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைப்பர். அக்களியை வாயகன்ற பிழா என்னும் கலத்தில் இட்டு ஆற்றுவர். பாம்பு உறையும் புற்றினுள் காணப்படும் குரும்பியைப் போன்ற தோற்றமுடைய அடையை அதனுடன் கலப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், வலிய வாயையுடைய சாடியில் பச்சைத்தன்மை நீங்க முதிர்ந்ததை வெந்நீரில் விரலால் அலைத்துப் பிழிந்து அரிப்பர்.

இன்றைய வேதியியல் அறிவுகொண்டு நோக்கின் இவ்விவரத்தின் நுட்பம் புலனாகும். தானியத்தில் உள்ள மாவுப்பொருள் நேரடியாக மதுவாகாது. முதலில் அது சர்க்கரையாக வேண்டும். பின்னரே ஈஸ்ட் அச்சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றும். மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகளை முளைத்த தானியமும் தரும். ஒருவகைப் பூஞ்சை படர்ந்த அடையும் தரும். பாட்டில் வரும் அடையை நெல்முளை எனக் கொள்ளினும், பூஞ்சை படர்ந்த ஊக்கி எனக் கொள்ளினும் அது இவ்வினைக்கே பயன்பட்டது எனலாம். கறையான் வளர்க்கும் பூஞ்சைக் கூடாகிய குரும்பியை உவமையாக்கியமை, புலவர் அப்பொருளை அணுகிப் பார்த்தவர் என்பதை உணர்த்துகிறது. களியை ஆற்றியபின் அடை கலக்கப்பட்டதும் கருதத்தக்கது. கொதிக்கும் களியில் கலந்தால் நொதியும் ஈஸ்ட்டும் அழிந்துபோகும். இரண்டே நாளில் புளிப்பு நிறைவுறுதல் வெப்பமண்டலக் கடற்கரைக்குப் பொருந்துவதே.

இம்முறையைப் பொம்மனஹள்ளிச் சமையலறையில் நிகழக்கூடிய செய்முறையோடு ஒப்பிடலாம். கோதுமை மால்ட்டைப் பாதியளவேனும் கொண்டு, எஞ்சியதற்கு வாற்கோதுமை மால்ட்டைச் சேர்த்து, ஏறத்தாழ 65 முதல் 67 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் ஒரு மணிநேரம் ஊறவைப்பர். வடித்தெடுத்த இனிப்பு நீரை ஹாப்ஸ் பூவுடன் ஒரு மணிநேரம் கொதிக்கவிடுவர். ஏறத்தாழ 20 பாகைக்குக் குளிரவைத்து ஈஸ்ட் கலப்பர். ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை புளிக்கவிட்டுப் புட்டிகளில் அடைப்பர். லாகர் வகைப் பியருக்குத் தேவைப்படும் நெடுநாள் குளிர்பதனம் இதற்குத் தேவையில்லை. கலங்கலே இதன் இயல்பாதலின் தெளிய வடிகட்டவும் வேண்டியதில்லை. இக்காரணங்களால் சிறு அளவில் வடிப்போர்க்குக் கோதுமை பியர் ஏற்றதாகிறது. இதற்குரிய ஈஸ்ட், வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் தானே தோற்றுவிக்கும். சமைத்தல், ஆற்றுதல், கலத்தல், காத்திருத்தல், வடித்தல் என்னும் வரிசையில் இரு முறைகளும் ஒத்துள்ளன.

வீட்டுக் கள்ளும் விலைக் கள்ளும்

இப்பாட்டில் வரும் இல்லடு கள் என்னும் தொடர் ஆய்வுக்குரியது. ஆநிரை கவர்ந்து வந்த வீரர் அவற்றை நறவுக்கு விலையாகக் கொடுத்தனர் என்றும், தம் இல்லில் ஆக்கிய தோப்பியைப் பருகினர் என்றும் புலவர் அடுத்தடுத்துக் கூறுகிறார். தோப்பியை நெல்லால் ஆக்கிய கள் என்பார் நச்சினார்க்கினியர். விலைக்கு வாங்கும் மதுவும் வீட்டில் ஆக்கும் மதுவும் ஒரே குடியிருப்பில், ஒரே மக்களிடையே ஒருங்கே வழங்கின என்பது இதனால் புலனாகிறது. இதே புலவர் பாடியதாகக் கொள்ளப்படும் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் மனைகளில் கொடி பறந்ததைக் காட்டுகிறது. வணிகம் இருந்தது, அதற்கு அடையாளமும் இருந்தது. எனினும் அவ்வணிகம் வீட்டு அடுகலத்தை அகற்றிவிடவில்லை.

மது ஆக்குதலை அடுதல் என்னும் சொல்லால் குறித்தமையும் நோக்கத்தக்கது. சோறு சமைத்தற்கும் கள் ஆக்குதற்கும் வினைச்சொல் ஒன்றே. பெரும்பாணாற்றுப்படையின் பட்டினப் பகுதியில் கள் அடுவோர் மகளிராகவே காட்டப்படுகின்றனர். அவர்கள் கலங்கழுவிய நீர் வழிந்து சேறாகிக் கிடப்பதையும், அச்சேற்றில் பன்றிகள் புரள்வதையும் புலவர் கூறுகிறார். உலைக்களமும் அடுப்படியும் கலங்கழுவும் முற்றமும் மகளிர்க்கு உரியனவாக இருந்த சூழலில், மது ஆக்கும் நுட்பமும் அவர்தம் கைத்திறனாகவே நிலவியது எனக் கருத இடமுண்டு.

மதுவை எதிர்த்த குரலும் தமிழ் மரபில் வலிமையானதே. திருக்குறள் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது. ஆயினும் வள்ளுவரின் அறிவுரை உண்பவனை நோக்கியது. எங்கே வடிக்கலாம் என்பதை வரையறுக்கும் விதி அன்று. அறத்தின் தடை வேறு. அரசின் தடை வேறு. இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டே பின்வரும் வரலாற்றை அணுகுதல் வேண்டும்.

கோதுமையும் அரசுரிமையும்

மது வடித்தலில் அரசு தலையிடுதல் ஒரு நாட்டிற்கே உரியதன்று. கோதுமை பியரின் தாயகமாகிய பவேரியாவே இதற்குத் தக்க சான்று. 1516ஆம் ஆண்டில் பவேரியக் கோமக்கள் பிறப்பித்த ஆணை, பியர் வடிக்க வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகியவற்றை மட்டுமே பயன்படுத்தப் பணித்தது. ரொட்டிக்கு உரிய கோதுமை பியருக்குச் செல்லாமல் காத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எனினும் டேகன்பெர்க் என்னும் பிரபுக் குடும்பத்திற்குக் கோதுமை பியர் வடிக்கும் தனியுரிமை இருந்தது. அக்குடும்பம் 1602இல் வாரிசின்றி முடிவுற்றபின் அவ்வுரிமை முதலாம் மாக்சிமிலியன் கைக்குச் சென்று, கருவூலத்திற்குப் பெருவருவாய் தந்தது. 1872இல் கெயோர்க் ஷ்னைடர் என்னும் வடிப்பாளர் கோதுமை பியர் வடிக்கும் உரிமையை அரச குடும்பத்திடமிருந்து பெற்ற பின்னரே அத்தொழில் பிறர்க்கும் திறந்தது. தூய்மை, உணவுப் பாதுகாப்பு எனத் தொடங்கிய விதி வருவாய்க்கு வழியாக முடிந்தமை இவ்வரலாற்றால் தெளிவாகிறது.

ஆப்காரிச் சட்டமும் ஏட்டுச்சுவடியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் மதுவரி தென்னாட்டில் முறையான நிருவாகமாக உருப்பெற்றது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், மதுவகைகளை உரிமமின்றி ஆக்குதலையும் விற்றலையும் பொதுவிதியாகத் தடைசெய்தது. மைசூர் அரசு 1901இல் தனக்கெனக் கலால் சட்டம் இயற்றியது. இக்காலத்தில் தமிழ்நாட்டுச் சமவெளிகளில் கள் என்பது பெரிதும் பனை, தென்னை, ஈச்சமரக் கள்ளையே குறித்தது. மரம் எண்ணத்தக்கது, அடையாளமிட்டு வரி விதிக்கத்தக்கது. அடுப்படிச் சாடியோ கண்காணிப்புக்கு எளிதில் புலப்படுவதன்று. புலப்படாததை முறைப்படுத்துவதினும் முற்றாக விலக்குதல் நிருவாகத்திற்கு எளிதாயிற்று எனலாம்.

ஆயினும் ஆங்கில ஆட்சி எல்லா இடத்தும் ஒரே நெறியைக் கைக்கொள்ளவில்லை. வங்கத்தின் 1909ஆம் ஆண்டுக் கலால் சட்டம் பச்வாய் என்னும் தானிய மதுவைத் தனியே வரையறுத்தது. பழங்குடியினர் அதனை வீட்டுத் தேவைக்கு வடித்துக்கொள்ள விலக்களிக்கும் வழக்கமும் கிழக்கிந்தியப் பகுதிகளில் இருந்தது. வீட்டு மது என்னும் வகையை ஆட்சியாளர் அறியாதிருக்கவில்லை. அதனை ஏற்கத்தக்கதாகக் கண்ட இடங்களும் உண்டு என்பது இதனால் பெறப்படுகிறது.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சில் வெளியிட்ட ஆண்டு 1889. உரிமமின்றி மது ஆக்குதலைக் குற்றமாக்கிய சட்டம் வந்த மூன்றே ஆண்டில், இல்லத்தில் மது ஆக்கும் முறை கூறும் பாட்டு ஏட்டிலிருந்து நூலுக்கு வந்தது. தோப்பி அடுகலத்திலிருந்து நீங்கி அகராதிக்குச் சென்றது.

பெங்களூரும் பியரும்

பெங்களூரில் பியரின் வரலாறு படைவீட்டோடு தொடர்புடையது. 1809இல் அமைந்த கண்டோன்மென்ட்டில் ஆங்கிலப் படையினர் தங்கினர். அவர்களுக்குப் பணிபுரியவும் பொருள் வழங்கவும் தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறினர். படையினரின் தேவையை நிறைவுசெய்யத் தென்னிந்தியாவில் பியர் ஆலைகள் தோன்றின. நீலகிரியிலும் பெங்களூரிலும் இயங்கிய ஆலைகள் உட்பட ஐந்தை இணைத்து, தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் யுனைட்டெட் புரூவரீஸ் நிறுவனத்தை அமைத்தார். 1947இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார். நகரின் நடுவே இருந்த அந்நிறுவனத்தின் பழைய ஆலை நிலத்தில் இன்று யூ.பி. சிட்டி என்னும் வணிக வளாகம் உயர்ந்து நிற்கிறது.

இவ்வாறு ஆலைப்பொருளாக அறிமுகமான பியர், 2010 முதல் இந்நகரில் சிற்றளவு வடிப்புக்குத் திரும்பியது. அவ்வாண்டில் இந்திரா நகரில் தொடங்கப்பெற்ற டாய்ட் என்னும் உணவகம் தன் வளாகத்திலேயே பியர் வடித்தது. கோதுமை பியரும், பாஸ்மதி அரிசி சேர்த்த பியரும் அங்கு இடம்பெற்றன. அரிசி மது தென்னாட்டிற்குப் புதியதன்று. புதுமையாக அறிமுகமாயிற்று என்பதே வரலாற்றின் முரண்.

அச்சமும் அளவும்

வீட்டில் வடித்தலை அரசு ஐயுறுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1981இல் பெங்களூரில் நச்சுச் சாராயத்தால் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007இல் கர்நாடகத்தில் சாராய விற்பனை தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் பெங்களூரைச் சூழ்ந்த பகுதிகளிலும், ஓசூர்ச் சாலை சென்று சேரும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் பெரும்பாலும் நாட்கூலிக்கு உழைப்போர். இத்துயரங்களை ஒதுக்கிவிட்டு வீட்டு வடிப்பைப் பேசுதல் பொறுப்பாகாது.

எனினும் இம்மரணங்களின் காரணம் தெளிவானது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால் விற்பனைச் சாராயத்தில் கலந்தமையே அது. தானியத்தைப் புளிக்கவைத்து வடிக்கும் பியரில் அத்தகைய அளவில் மெத்தனால் தோன்றுவதில்லை. புளிப்பித்தலும் காய்ச்சி வடித்தலும் வேறு. வீட்டார்க்கென ஆக்குதலும் விற்பனைக்கென ஆக்குதலும் வேறு. பெரும்பாணாற்றுப்படை தெளிவாகப் பிரித்துக் காட்டிய இவ்விரண்டாம் வேறுபாட்டைப் பிற்காலச் சட்டம் அழித்துவிட்டது.

பிற நாடுகள் அவ்வேறுபாட்டை மீட்டெடுத்துள்ளன. இங்கிலாந்தில் 1880 முதல் வீட்டு வடிப்புக்கு விதிக்கப்பட்டிருந்த உரிமக் கட்டுப்பாடு 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1978இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், வயதுவந்தோர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டிற்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீட்டிற்கு 200 காலன் என அளவு வகுத்து, அதனை வரியின்றி வடிக்க இசைந்தது. விற்பனைக்கு அவ்விசைவு இல்லை. அச்சத்திற்கு விடையாக அங்கு அமைந்தது அளவு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் தானிய மது ஆக்கும் இடம் வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து உரிமம் பெற்ற ஆலைக்கும் மாறிய வரலாறு புலனாகிறது. இம்மாற்றத்தில் தமிழ் இழந்தது ஒரு பானத்தை மட்டுமன்று; ஒரு தொழிலின் சொற்களையும் ஆகும். பிழா, அடை, அரியல், தோப்பி என்பன இன்று உரை கொண்டே உணரத்தக்கன. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் என்பனவே பொம்மனஹள்ளியில் எவர்க்கும் விளங்குவன. அரிசியும் உளுந்தும் அரைத்து இரவு முழுதும் புளிக்கவைக்கும் கைப்பக்குவம் அங்குள்ள வீடுதோறும் உள்ளது. தானியம் புளிக்கும் நுட்பத்தை அவ்வீடுகள் மறந்துவிடவில்லை.

மது நன்றா தீதா என்பது அறநூலார் ஆராய்வது. வீட்டில் வடித்தலை எவ்வளவு இசையலாம் என்பது சட்டமன்றங்கள் முடிவுசெய்ய வேண்டியது. இலக்கிய வரலாற்றார் கூறத்தக்கது ஒன்றுண்டு: வீட்டில் மது வடித்தல் மேனாட்டிலிருந்து அண்மையில் வந்த பொழுதுபோக்கு என்னும் எண்ணம் சான்றுகளுக்குப் பொருந்தாது. வழிநடந்து களைத்த பாணனுக்கு மீனவர் குடிசையில் நீட்டப்பட்ட கலம் அவ்வெண்ணத்தை மறுக்கிறது. அக்கலத்தில் இருந்ததை ஆக்கியோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்தம் செய்முறை மட்டும் புலவர் பாட்டில் தப்பிப் பிழைத்துள்ளது.