கங்கை கொண்டவன் ஏரி – 6: கரையை உடைத்தது யார்?

சென்ற வாரம், கோதாவரிக் கரையில் காத்திருந்த சோழ மன்னன் இராசேந்திரனிடம் கங்கை நீர் வந்து சேர்ந்ததோடு நிறுத்தியிருந்தோம். தோற்ற மன்னர்களையே சுமக்க வைத்துத் தளபதி கொண்டுவந்தான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. அவர்கள் எத்தனை காதம் சுமந்தார்கள் என்பது பாடிய புலவருக்கே வெளிச்சம்! அந்த நீரை வைத்து இராசேந்திரன் என்ன செய்தான் என்பதுதான் நமக்கு வேண்டிய கதை.

வென்ற அரசர்கள் கல்லில் தூண் நடுவார்கள். மகிபாலனையும் வங்காளத்துக் கோவிந்தசந்திரனையும் வென்றவன் ஏரி வெட்டினான். சோழகங்கம் என்று பெயர். கங்கை நீராலான வெற்றித்தூண் என்றே செப்பேடு அதை வர்ணிக்கிறது.

முதல் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்துக் கிராமங்கள் பலவற்றில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. மாண்டவர்களுக்குச் சிலை வைப்பதா, ஊரார் கூடிப் புழங்க ஒரு மண்டபம் கட்டுவதா? மண்டபம் கட்டிய ஊர்கள் நிறைய. போரின் நினைவு ஊருக்குப் பயன்படட்டும் என்ற அந்த யோசனையை, 900 ஆண்டுகளுக்கு முன்பே இன்றைய அரியலூர் மாவட்டத்து மண்ணில் வெட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஒரு வித்தியாசம்: அங்கே மாண்டவர்களுக்காக, இங்கே வென்றவனுக்காக. சோழகங்கத்தில் செத்த சிப்பாயின் பெயரைத் தேடாதீர்கள்.

இன்று ஊரார் பொன்னேரி என்கிறார்கள். 1855இல் சென்னையில் அச்சான தென்னிந்திய கெசட்டியர், வடக்கு தெற்காக ஓடிய கரையின் நீளத்தை 16 மைல் என்கிறது. தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீண்ட ஒரு வாய்க்கால், வடக்கே வெள்ளாற்றிலிருந்து சிறிதாக இன்னொன்று. கொள்ளிடம் பக்கத்திலேயே ஓடும்போது எதற்கு 60 மைல்? ஏரி மேட்டில் இருக்கிறது, ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. மேற்கே வெகுதூரம் போய், மட்டம் உயர்ந்த இடத்தில் ஆற்றைப் பிடித்தால்தான் தண்ணீர் தானாக ஏரிக்கு வரும். கங்கைவரை படை நடத்தியதைவிட எனக்கு இந்த மட்டக்கணக்குதான் பெரிய வெற்றியாகப் படுகிறது.

1279வாக்கில் சோழர் ஆட்சி முடிந்தது. ஏரியை ஒட்டி இராசேந்திரன் அமைத்த தலைநகரின் மாளிகை மண்மேடானது; மாளிகைமேடு என்ற பெயர் மட்டும் நின்றது. ஏரியும் தப்பவில்லை. கெசட்டியர் எழுதப்பட்டபோது அதன் உள்வாய் முழுக்க அடர்ந்த காடு. தானாகத் தூர்ந்ததல்ல, படையெடுத்து வந்த ஒரு சேனை வேண்டுமென்றே பாழாக்கியது என்பது ஊரார் வழிவழியாகச் சொன்ன செய்தி. எந்தச் சேனை என்று கெசட்டியர் சொல்லவில்லை. பாண்டியர் மீதுதான் பலருக்கும் சந்தேகம் போகும்.

ஏரியை எதிரி அழித்தான் என்றே வைத்துக்கொள்வோம். கரையின் தென்கோடியில், அந்தத் தலைநகரில் நின்ற பெரிய கோயிலின் திருமதில் என்ன ஆனது? அதைப் பிரித்தது எதிரிச் சேனை அல்ல. 1836இல், கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்ட வந்தவர்களுக்குக் கருங்கல் தேவைப்பட்டது. வண்டிகள் கோயில் வாசலுக்கு வந்தன. ஊரார் மறித்தார்கள். மறித்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது; கூடவே சர்க்காரிடமிருந்து ஒரு வாக்குறுதியும்.

அந்த வாக்குறுதி என்ன?

(அடுத்த இதழில்)