ட்விங்கிள் ட்விங்கிளும் முத்துசுவாமி தீட்சிதரும்

'ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார்' மெட்டுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்துல சாகித்யம் பண்ணியிருக்கார்னு ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரத்துல சொன்னேன். ஒருத்தரும் நம்பலை. ஏதோ ஃபார்வர்டு மெயிலைப் படிச்சுட்டு உளர்றான்னு நினைச்சாங்க போல. நிஜம்தாங்க. 'ச்யாமளே மீனாக்ஷி'ன்னு ஆரம்பிக்கும். பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டுக்கும் ஒண்ணு உண்டு, 'ஸந்ததம் பாஹிமாம்'.

இந்த வகைக்கு நோட்டுஸ்வர சாகித்யம்னு பேர். இங்கிலீஷ் 'நோட்'தான் நோட்டு ஆயிடுச்சு. கதை நடந்த இடம் ஒண்ணு நம்ம தாம்பரம் - பீச் லைன்லயே இருக்கு. கோட்டை ஸ்டேஷன்ல இறங்கினா பக்கம்தான்.

தீட்சிதர் (1775-1835) குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில முத்துகிருஷ்ண முதலியார் ஆதரவுல தங்கியிருந்த காலம். முதலியார் கும்பெனி துபாஷ். கோட்டையில வெள்ளைக்காரன் பேண்டு வாசிக்கறதைக் கேட்கற வாய்ப்பு இவங்களுக்கு அப்படித்தான் கிடைச்சுது. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பிய வாத்தியார்கிட்ட வயலினே கத்துக்கிட்டார். கர்நாடக சங்கீதத்துக்குள்ள வயலின் வந்த கதையை எல்லாரும் இங்கேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க. (தஞ்சாவூர் வடிவேலுவை விட்டுட்டியேன்னு சண்டைக்கு வராதீங்க, அது தனிப் பதிவு.)

நோட்டுஸ்வரத்தைப் பத்திப் பேசறவங்க பெரும்பாலும் ஒரு வேடிக்கையாச் சொல்லிட்டுத் தாண்டிடுவாங்க, பெரியவர் பொழுதுபோக்காப் பண்ணதுன்னு. வயலின் கத்துக்கற குழந்தைக்குக் கொடுக்கற பாட்டா இதைப் பார்த்தா விஷயம் அவ்வளவு சின்னது இல்லை.

ட்விங்கிளை ஸ்வரமாப் போட்டுப் பாருங்க. ச ச ப ப த த ப, ம ம க க ரி ரி ச. நம்ம வயலின்ல கம்பிகள் ச-ப-ச-ப. முதல் நாலு ஸ்வரத்துக்கும் விரலே வேண்டாம். ரெண்டு தடவை ச கம்பியில வில்லைப் போட்டு, அப்படியே பக்கத்து ப கம்பிக்கு மாத்தினா போதும். 'த'வுக்கு ஒரே ஒரு விரல். அப்புறம் ச கம்பிக்கு வந்து மூணாவது விரல், ரெண்டாவது, முதல் விரல்னு ஒவ்வொண்ணா எடுத்துட்டே வந்தா பாட்டு முடிஞ்சுது. மேற்கத்திய முறையில சுருதி வேற, ஆனா மேல் ரெண்டு கம்பிக்கு நடுவுல இருக்கற தூரம் அதே ச-ப தூரம்தான். அதனால அங்கேயும் இதே விரல்கள்.

ஜப்பான்ல ஷினிச்சி சுசுகி (1898-1998) குழந்தைகளுக்காக வயலின் பாடமுறை உண்டாக்கினார். உலகம் பூரா ஓடற அந்தப் பாடத்தோட முதல் புத்தகம் எதுல ஆரம்பிக்குது தெரியுமா? இதே ட்விங்கிள்தான். மெட்டு பிரெஞ்சுக்காரங்களோடது, 18-ம் நூற்றாண்டு. நமக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் வரிகளை ஜேன் டெய்லர் எழுதினது 1806-ல.

நம்ம ஆரம்பப் பாடம் மாயாமாளவகௌளை, சரளி வரிசை. புரந்தரதாசர் (1484-1564) பேர்ல வழங்கற வரிசை, அதாவது வயலின் நம்ம பக்கம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. காதுக்கு அருமையான பயிற்சி, அதுல சந்தேகமே இல்லை. ஆனா வயலின்ல ரி-க்கு முதல் விரலைப் பின்னால இழுத்து வைக்கணும், உடனே க-வுக்கு ரெண்டாவது விரலை எட்டி நீட்டணும். ஏழு வயசுக் கைக்கு அது கஷ்டம். சங்கராபரணத்துல அந்தத் தொல்லை இல்லை, க-வும் ம-வும் ஒட்டி உட்காரும், அவ்வளவுதான். சரளி வரிசையைத் தூக்கிடச் சொல்லலை. கூடவே இதையும் கொடுங்கன்னு சொல்றேன்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. பாலுசுவாமியோட பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் 1904-ல எட்டயபுரத்துல 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'ங்கற பிரம்மாண்டத்தைப் போட்டார். அடுத்த வருஷமே 'பிரதமாப்யாச புஸ்தகமு'. பேரே முதல் பயிற்சிப் புத்தகம். முப்பதுக்கு மேல நோட்டுஸ்வரங்களை அதுலதான் அச்சடிச்சார். பரம்பரைக்காரரே பிள்ளைங்க பாடத்துல சேர்த்ததை நாம ஏன் துணுக்காக்கிட்டோம்?

இதெல்லாம் வரலாற்று ஆசைக்காக மட்டும் சொல்லலை. சிட்லபாக்கம், சேலையூர், மாடம்பாக்கம்னு நம்ம ஏரியாவுல வயலின் பெட்டியோட சைக்கிள்ல போற பசங்களைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பெட்டி முதல் வருஷத்துலயே லாஃப்டுக்கு ஏறாம இருந்தா பத்தாம் வகுப்புல ஏறும். தனியா உட்கார்ந்து பூனை கத்தற மாதிரி ஆறு மாசம் இழுக்கற பிள்ளைக்கு, பத்துப் பேரோட சேர்ந்து ஒரு முழுப் பாட்டு வாசிச்சுட்டா நிக்கணும்னு தோணும். அதுக்குப் பாட்டு சரியா அமையணும்.

குழுவா வாசிக்கன்னு வந்தா எங்க பக்கத்துல நேரா 'எந்தரோ மகானுபாவுலு'க்குப் போயிடறாங்க. பத்துப் பிள்ளைங்க பத்து அளவுல கமகம் பிடிச்சா கேட்கவா வேணும் :-) நோட்டுஸ்வரத்துல கமகம் இல்லை, எல்லாரும் ஒரே இடத்துல விரல் வைக்கலாம். கிரேடு பரீட்சைக்குப் படிக்கற பிள்ளையும் கர்நாடக வழிப் பிள்ளையும் சுருதியை மட்டும் ஒண்ணாக்கிட்டுச் சேர்ந்து வாசிக்கலாம். நேத்து சேர்ந்தவன் ச-வும் ப-வும் நீளமா இழுத்துட்டு இருந்தாப் போதும், அவனும் கச்சேரியில இருக்கான்.

அடுத்த படிக்கு 'ஸந்ததம் பாஹிமாம்' சரியா இருக்கும். மூணு மூணா எண்ணணும், ச-வுக்குக் கீழ நி வர்றதால கீழ்க் கம்பிக்கு இறங்கணும். (சபையில யாராவது பழைய ஞாபகத்துல எழுந்து நின்னா கண்டுக்காதீங்க.) அதுக்கு மேல ரெண்டாவது குரல். இந்த மெட்டுங்க ஹார்மனிக்குப் பழகினவை, வியோலாவும் செல்லோவும் அலட்டிக்காம சேரும். கிருதிகளுக்கு அப்படிச் சேர்க்கறது பெரிய வேலை. வி.எஸ். நரசிம்மனோட மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் அதைத்தான் பண்ணினாங்க. வளர்ந்த பிள்ளைங்களை அதைக் கேட்கச் சொல்லலாம், உடனே வாசிக்கச் சொல்ல வேண்டாம்.

செல்லோவுக்கு ஆள் கிடைக்கறதுதான் நம்ம பக்கம் பெரிய பாடு. ரஹ்மான் 2008-ல தொடங்கின கே.எம். இசைக் கல்லூரியில, வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்களுக்கு இலவசமாச் சொல்லிக் கொடுக்க சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சாங்க. வயலினோட நிக்காம செல்லோ வரைக்கும் கத்துக் கொடுத்தாங்க. தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் அப்படி எங்கேயாவது செல்லோ சொல்லித் தர்றாங்களா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. உங்க வீட்டுப் பிள்ளை வயலின்ல முதல்ல முழுசா வாசிச்ச பாட்டு எதுன்னும் எழுதுங்க.