மாற்று முதல் ஹால்மார்க் வரை: நகையில் இருக்கும் முத்திரைகளின் கதை



பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், ஆஸ்பத்திரி செலவு வந்துடுச்சு என்றால் முதலில் நம் கை போவது காதுக்கும் கழுத்துக்கும்தான். எங்கள் குழுவில் ஒரு அக்கா 'கேடிஎம்' என்று குத்திய கம்மலை அடகு வைக்கப் போனார். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து, "இது 22 கேரட் வராதும்மா" என்று சொல்லிவிட்டார். நகையில் இருக்கும் எழுத்துகளைப் பற்றி நான் விசாரிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

தரம் பார்ப்பது நமக்குப் புதுசு இல்லை. "பத்தரை மாற்றுத் தங்கம்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த 'மாற்று' உரைகல்லில் உரசிச் சொன்ன பழைய அளவு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகளில், பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்த கணக்கு இருக்கிறது.

பிறகு வெகுகாலம் ஆசாரியின் வாக்குதான் முத்திரை. 1963ல் மத்திய அரசு பொன் கட்டுப்பாடு கொண்டுவந்து, 14 கேரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றது. பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பில்லாமல் தவித்தன. 1968ல் வந்த பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990ல்தான் ரத்தானது.

2000ல் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்கத்துக்கு ஹால்மார்க் தொடங்கியது. 2021 ஜூன் மாதம் முதல் 256 மாவட்டங்களில் அது கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகை விற்றால் ஆறு இலக்க ஹெச்யுஐடி எண்ணும் இருக்கணும்.

இப்போது நகையில் மூன்று குறி பாருங்கள். ஒன்று, பிஐஎஸ் முக்கோண முத்திரை. இரண்டு, தரம். 22 கேரட் என்றால் 916, அதாவது ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். 18 கேரட்டுக்கு 750. மூன்று, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம். இது ஒவ்வொரு நகைக்கும் தனி. போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் நகையின் வகை, தரம், சோதித்த மையம் எல்லாம் தெரியும்.

கேடிஎம் ஹால்மார்க் கிடையாது. காட்மியம் கலந்து பற்றவைத்தது என்றுதான் அர்த்தம். அந்தப் புகை செய்கிறவரின் நுரையீரலைக் கெடுக்கும்.

2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி, சின்னக் குண்டுமணி வாங்கும் நமக்கு அங்கே பில்தான் காவல். எடை, கேரட் இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஹால்மார்க் நகையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த மதிப்பைப் போல் இரண்டு மடங்கு நஷ்டஈடும் சோதனைக் கட்டணமும் கேட்க விதி இருக்கிறது. முத்திரை இல்லாத பழைய நகையையும் ஹால்மார்க் மையத்தில் கொடுத்துச் சோதிக்கலாம்.

சீட்டுக் கணக்கை வரி வரியாகப் பார்க்கிற நாம், அடுத்த முறை நகை வாங்கும்போது கடையில் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்ப்போம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அது நம் உழைப்பு.