ஜூல்ஸ் வெர்னும் உயர்தெளிவுக் கேமராவும்

கடந்த காலத்தைத் திரையில் காட்ட முனைவோர் அனைவரும் சிறிதளவேனும் ஏமாற்று வேலை செய்தே தீரவேண்டும். ஒட்டுப்பலகை கருங்காலியாகவும், சாயம் பூசிய அட்டை வெண்கலமாகவும் தோன்றியாக வேண்டும். திரைப்படம் தோன்றிய நாள்முதல் இந்த ஏமாற்றுக்கு உடந்தையாக இருந்தது படச்சுருள். அதன் மணிமணியான மென்மையும், ஒளி மிகுந்த இடத்தில் மெல்லக் கரையும் இயல்பும் அரங்க அமைப்பாளரின் குறைகளைப் பரிவோடு மறைத்தன. அந்தத் துணை இல்லாமல் பழங்காலத்தைப் படமாக்கப் புறப்பட்ட ஒரு தொடரைப் பற்றியும், அதற்கு முன்னோடியாக அமைந்த முயற்சிகளைப் பற்றியும் இங்கே பார்ப்போம்.

'ஜூல்ஸ் வெர்னின் ரகசிய சாகசங்கள்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர், கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. மொத்தம் 22 பகுதிகள். மாண்ட்ரியால் நகரில் படமாக்கப்பட்டது. உருவாக்கியவர் கேவின் ஸ்காட். 1860களின் ஐரோப்பாவே களம். வெர்ன் பின்னாளில் எழுதிய கதைகள் யாவும் அவர் இளமையில் நேரில் கண்டவையே என்பதுதான் தொடரின் கற்பனை. 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி' நாவலின் நாயகன் ஃபிலியாஸ் ஃபாக், அவருடைய பணியாள் பாஸ்பார்த்து, ஃபாக்கின் உறவினளும் பிரிட்டிஷ் உளவாளியுமான ரெபேக்கா ஆகியோர், 'அரோரா' என்னும் வான்கப்பலில் வெர்னோடு பயணிக்கிறார்கள். இயந்திர உடலோடு உயிர்வாழும் கவுண்ட் கிரிகரி அவர்களுடைய எதிரி.

முழுவதும் உயர்தெளிவு முறையில் எடுக்கப்பட்ட முதல் ஒரு மணி நேரக் கதைத்தொடர் என்று இதைக் கூறுவது வழக்கம். 'முதல்' என்ற சொல்லைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டியிருக்கிறது. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து இத்துறையில் ஆய்வைத் தொடங்கி, 1125 வரிகள் கொண்ட முறையை உருவாக்கியது. 1981இல் அமெரிக்காவில் அதைக் காட்சிப்படுத்தியபோது ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா போன்ற இயக்குநர்கள் ஆர்வம் கொண்டனர். 1987இல் இத்தாலியில் பீட்டர் டெல் மாந்தே 'ஜூலியா அண்ட் ஜூலியா' என்ற முழுநீளப் படத்தை இம்முறையில் எடுத்துப் பின்னர் 35 மி.மீ. படச்சுருளுக்கு மாற்றினார். 1988இல் அதே சிபிசி, முதல் உலகப் போருக்குப் பிந்தைய மாண்ட்ரியாலைக் களமாகக் கொண்ட 'சேஸிங் ரெயின்போஸ்' என்னும் குறுந்தொடரை உயர்தெளிவில் படைத்தது. ஆக, வெர்ன் தொடருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே இந்தக் கேமரா ஒரு பழங்காலக் கதையைச் சந்தித்துவிட்டது. அந்தக் குறுந்தொடரை இன்று நினைவுகூர்வோர் வெகு சிலரே.

1980களின் கருவிகளில் பட உணர்வியாக இருந்தது வெற்றிடக் குழாய். அதற்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். மெழுகுவத்திச் சுடர் அசைந்தால் பின்னால் வால்நட்சத்திரம் போல ஓர் ஒளிக்கீற்று இழுபடும். 1975இல் ஸ்டான்லி குப்ரிக் 'பாரி லிண்டன்' படத்தில், எஃப் 0.7 துளை கொண்ட ஸைஸ் வில்லையின் உதவியால் மெழுகுவத்தி ஒளியிலேயே படச்சுருளில் காட்சிகளை எடுத்துக்காட்டியிருந்தார். மின்னணுக் கேமராவுக்கோ அது எட்டாத உயரம். தவிர, கேமரா ஓரிடம், ஓர் அங்குல நாடாப் பதிவுக் கருவி வேறோரிடம், இரண்டையும் இணைக்கும் வடம் என்று படப்பிடிப்புத் தளமே கட்டுண்டு கிடந்தது. குழாயின் இடத்தைச் சிசிடி சில்லுகள் பிடித்து, 1997இல் சோனியின் எச்டிகேம் முறை வந்த பிறகே, தோளில் சுமக்கத்தக்க கேமராவுக்குள்ளேயே நாடாவும் அடங்கியது.

இதனால் வசதி பெருகியது; சிக்கல் தீரவில்லை. ஒட்டுமீசையின் வலை, பொய்த்தலைமுடியின் விளிம்பு, புதிதாகத் தைத்த கோட்டின் பளபளப்பு அனைத்தும் கண்ணில் பட்டன. நெருக்கமான கோடுகள் கொண்ட துணிகளில் இல்லாத வண்ண அலைகள் நெளிந்தன. உணர்விச் சில்லு 35 மி.மீ. சட்டகத்தைவிடச் சிறியது என்பதால் பின்னணியும் எளிதில் மங்காது. நாயகனுக்குப் பின்னாலுள்ள போலிச் சுவரும் நாயகனைப் போலவே கூர்மையாக நின்றது. சன்னலுக்கு வெளியே வெயில் சற்று மிகுந்தால் அப்பகுதி வெறும் வெண்மையாக வெளுத்துவிடும்.

இவற்றைவிட நுட்பமான தொல்லை காலத்தைப் பற்றியது. படச்சுருள் நொடிக்கு 24 சட்டகங்களைப் பதிக்கிறது. அக்கால உயர்தெளிவுக் கேமராவோ ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றி, நொடிக்கு ஏறத்தாழ 60 முறை பதித்தது. அசைவு மிகச் சீராக வழுக்கிச் செல்லும் இந்தத் தோற்றத்தை நம் கண்கள் செய்திகளோடும் விளையாட்டு நேரலையோடும் தொடர்புபடுத்திப் பழகியவை. 'இது இப்போது நடக்கிறது' என்று அது சொல்கிறது. 'இது முன்பொரு காலத்தில் நடந்தது' என்று சொல்வது நொடிக்கு 24 சட்டகங்களின் மெல்லிய தடுமாற்றமே. 1860களின் வான்கப்பலை நேரலை போலக் காட்டினால், நாம் காண்பது பழைய உலகமாக இராது. பழைய உடை அணிந்த இன்றைய நடிகர்களாகவே இருக்கும்.

இவ்வளவு இடருக்கும் ஈடாகக் கிடைத்தவை என்ன? படச்சுருளின் விலையும் கழுவும் செலவும் இல்லை. எடுத்த காட்சியைத் தளத்திலேயே பெரிய திரையில் பார்த்துத் திருத்தலாம். பதிவு எண்முறையில் இருப்பதால், கணினியில் உருவாக்கிய வான்கப்பலோடு இணைக்கப் படச்சுருளை வருடி எண்ணாக்கும் படியும் இல்லை. ஆயினும் எச்டிகேம் வண்ணத் தகவலைப் பெரிதும் சுருக்கியே பதித்தது. வண்ணத் திரையின் முன் நிற்கும் நடிகரின் உருவத்தைத் துல்லியமாக வெட்டியெடுக்க அது தடையாக இருந்தது.

நொடிக்கு 24 முழுச் சட்டகங்களைப் பதிக்கும் சோனி எஃப்900 கேமராவைக் கொண்டு, 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜார்ஜ் லூகாஸ் தமது 'ஸ்டார் வார்ஸ்' இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார். வெர்ன் தொடர் ஒளிபரப்பைத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே வேளைதான். இன்னொரு முரணும் உண்டு. சிபிசி உயர்தெளிவு ஒளிபரப்பைத் தொடங்கியது 2005இல். எனவே அத்தொடர் முதலில் வந்தபோது, அத்தனை பாடுபட்டுப் பெற்ற கூர்மையைக் கனடாவின் நேயர்கள் தங்கள் வீட்டில் காணவே இயலவில்லை.

1863இல் வெர்ன் இருபதாம் நூற்றாண்டின் பாரிஸைக் கற்பனை செய்து ஒரு நாவல் எழுதினார். எவரும் நம்பமாட்டார்கள் என்று பதிப்பாளர் ஹெட்ஸெல் அதை மறுத்துவிட்டார். அது அச்சேறியது 1994இல். காலத்தை முந்தியவை உரிய வாசகரை அடையும்போது, அவற்றிலிருந்த புதுமை பழகிப்போய்விடுகிறது. எஞ்சுவது கதை மட்டுமே. இத்தொடரையும் அந்தக் 'குறுந்தொடரையும்' நாம் நினைவில் கொள்ள வேண்டியது 'முதல்' என்ற பட்டத்துக்காக அன்று. பழங்காலத்தை நாம் நம்புவதில் படச்சுருளின் மங்கலுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதை நமக்கு முதலில் காட்டியவை இவையே.